நவம்பர் 7: கமல் பொறந்தநாள் மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் 7 வந்தா நம்ம ஆளுங்க ஸ்டேட்டஸ் பூரா கமல்தான், அது நியாயம்தான், ஆனா அதே தேதிக்குள்ள ஒரு ராமன் இருக்காரு, ஒரு மேரி கியூரி இருக்காங்க, ஒரு நாட்டோட தலையெழுத்தையே மாத்துன புரட்சி இருக்கு, காத்துல முறுக்கிக்கிட்டு விழுந்த ஒரு பாலம் இருக்கு. வருஷா வருஷம் இந்தத் தேதி பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எடுத்து ஒரே இடத்துல பதில் போட்டிருக்கேன்.

கேள்வி: நவம்பர் 7ல பொறந்த சினிமாக்காரங்க யாரெல்லாம்?

நம்ம பக்கம் முதல்ல கமல்ஹாசன், 1954. அப்புறம் டைரக்டர் வெங்கட் பிரபு 1975, அனுஷ்கா ஷெட்டி 1981, நந்திதா தாஸ் 1969, தெலுங்குல வசனத்துக்காகவே தியேட்டர்ல கைதட்டல் வாங்குற டைரக்டர் திரிவிக்ரம் ஸ்ரீனிவாஸ் 1971. நடிப்பு, டைரக்‌ஷன், வசனம்னு ஒரு படம் எடுக்கத் தேவையான ஆளுங்க எல்லாருமே இந்த ஒரே தேதில கெடைச்சிருவாங்க.

கேள்வி: கமல் பத்தி சுருக்கமா சொல்லுங்க, எங்க பொறந்தாரு, என்னென்ன விருது?

பரமக்குடில பொறந்தாரு, அப்பா சீனிவாசன் வக்கீல். 1960ல ஏவிஎம் எடுத்த 'களத்தூர் கண்ணம்மா'தான் முதல் படம், டைரக்டர் பீம்சிங், ஜெமினி கணேசன் சாவித்திரி ஜோடி. படம் ரிலீஸ் ஆனப்ப இவருக்கு ஆறு வயசு கூட முடியல. அந்தப் படத்துல ஒரு பிரார்த்தனைப் பாட்டு வரும், எம்.எஸ். ராஜேஸ்வரி பாடுனது, அதுல அந்தக் குழந்தையோட கண்ணை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க, கேமரா எங்க இருக்குங்கற நெனப்பே அதுக்கு இருக்காது, சாமிகிட்ட நிஜமாவே பேசுற மாதிரி இருக்கும். அந்தப் படத்துக்கே ஜனாதிபதி தங்கப் பதக்கம் வாங்கிட்டாரு.

சிறந்த நடிகர் தேசிய விருது மூணு தடவை, மூன்றாம் பிறை, நாயகன், இந்தியன். இது போக 'தேவர் மகன்' சிறந்த தமிழ்ப் படமா தேசிய விருது வாங்குச்சு, அதுக்குத் தயாரிப்பாளர் இவருதான், அதனால நாலுன்னு எழுதுறவங்களும் தப்பில்ல மூணுன்னு எழுதுறவங்களும் தப்பில்ல, எதைக் கணக்குல எடுத்தோம்னு சொல்லிட்டா போதும். 1990ல பத்மஸ்ரீ, 2014ல பத்மபூஷண், 2016ல பிரான்ஸோட செவாலியே. 2018 பிப்ரவரி 21 மதுரைல மக்கள் நீதி மய்யம் ஆரம்பிச்சாரு, 2021 தேர்தல்ல கோவை தெற்குல ரொம்பக் கம்மி வித்தியாசத்துல தோத்தாரு, 2025 ஜூலைல மாநிலங்களவை உறுப்பினரா பதவி ஏத்துக்கிட்டாரு.

எனக்கு இதுல எல்லாத்தையும் விட பெருசா தெரியுறது வேற ஒண்ணு, ரசிகர் மன்றத்தை நற்பணி இயக்கமா மாத்துனது. கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் பண்ற காசுல ரத்ததானம் கண்தானம்னு போகலாம்னு ஒரு பெரிய ஸ்டார் சொல்லி, அவரோட ஆளுங்க அதை வருஷக் கணக்கா செஞ்சும் காட்டுனாங்க. பொறந்தநாள் போஸ்ட் போடுறவங்க விருது லிஸ்ட்டோட இதையும் ஒரு வரி சேத்துக்கலாம்.

கேள்வி: வெங்கட் பிரபு, அனுஷ்கா பத்தி?

வெங்கட் பிரபு கங்கை அமரனோட மகன், இளையராஜாவுக்கு தம்பி பையன். 2007ல 'சென்னை 600028' எடுத்தாரு, தெரு கிரிக்கெட்டை வெச்சு இப்படி ஒரு படம் பண்ணலாம்னு அதுக்கு முன்னாடி யாரும் நெனைக்கல. அப்புறம் சரோஜா, கோவா, 2011ல அஜித்தோட 50வது படமா மங்காத்தா, 2021ல மாநாடு. மாநாடுல ஒரே நாள் திரும்பத் திரும்ப வர்றதை சாதாரண ஆடியன்ஸுக்கும் குழப்பாம கொண்டு போயி சேத்தது சின்ன விஷயம் இல்ல.

அனுஷ்கா கர்நாடகால தட்சிண கன்னடப் பக்கம், சினிமாவுக்கு முன்னாடி யோகா டீச்சரா இருந்தவங்க. 2005ல தெலுங்குல ஆரம்பிச்சு 2006ல 'ரெண்டு' மூலமா தமிழுக்கு வந்தாங்க, 2009ல வந்த 'அருந்ததி' தான் அவங்களைத் தூக்கி நிறுத்துச்சு, ஹீரோவை நம்பாம ஒரு ஹீரோயின் பேர்ல தியேட்டர் நெறையும்னு காட்டுன படம் அது. பாகுபலி தேவசேனா எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: நந்திதா தாஸ் இந்திப்பட நடிகைதானே, நம்ம லிஸ்ட்ல ஏன்?

2002 ஒரே வருஷத்துல தமிழ்ல அவங்க பண்ண ரெண்டு படத்தை மறந்துட்டுக் கேக்குற கேள்வி இது. தங்கர் பச்சானோட 'அழகி'ல தனலட்சுமி, மணிரத்னத்தோட 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துல மகளை விட்டுட்டுப் போக வேண்டி வந்த ஈழத்து அம்மா. ரெண்டுலயும் வசனம் கம்மி, முகம்தான் பேசும். அந்த அம்மா கடைசில மகளைப் பாக்குற சீன்ல, பொண்ணு கேக்குற கேள்விக்கெல்லாம் அவங்ககிட்ட பதில் இருக்காது, அந்த இயலாமையை அவங்க தாங்கிக்கிட்டு நிக்கிற விதம் இன்னைக்குப் பாத்தாலும் தொண்டைய அடைக்கும். டைரக்டராவும் ஃபிராக், மண்ட்டோன்னு ரெண்டு முக்கியமான படம் குடுத்திருக்காங்க.

கேள்வி: உலக அளவுல பாட்டு, சினிமால யாரு இருக்கா?

பாட்டுன்னு பாத்தா ஜோனி மிட்செல், 1943, கனடா. ஒம்பது வயசுல போலியோ வந்து இடது கை பலவீனமாயிடுச்சு, வழக்கமான முறைல கிட்டார் பிடிக்கறது கஷ்டமா இருந்ததால கம்பிகளையே வேற வேற சுருதில சேத்து வாசிக்க ஆரம்பிச்சாங்க, அந்த விநோதமான சுருதிதான் பின்னாடி அவங்க பாட்டோட அடையாளமாவே ஆயிடுச்சு. 2015ல மூளைல ரத்தக் குழாய் பாதிச்சு பேச்சு நடை ரெண்டையும் திரும்பக் கத்துக்க வேண்டிய நெலமை, அதுல இருந்து மீண்டு 2022ல நியூபோர்ட் இசை விழா மேடையேறிப் பாடுனாங்க, 2024ல கிராமி விழா மேடைலயும் முதல் தடவையா பாடுனாங்க, அப்ப வயசு 80. நேரம் இருந்தா அந்த வீடியோவைத் தேடிப் பாருங்க.

இது போக ஆபரா பாடகி ஜோன் சதர்லேண்ட் 1926, டிஜே டேவிட் குவெட்டா 1967, நியூசிலாந்து பாடகி லார்ட் 1996. சினிமாவுல ஹெர்மன் மாங்கேவிச் 1897, ஆர்சன் வெல்ஸோட சேந்து 'சிட்டிசன் கேன்' திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்குனவரு. அந்தப் படத்துக்குக் கெடைச்ச ஒரே ஆஸ்கர் அதுதான்.

கேள்வி: சி.வி. ராமனும் மேரி கியூரியும் ஒரே தேதில பொறந்தவங்கன்னு ஃபார்வர்டு வருதே, உண்மையா?

உண்மைதான். மேரி கியூரி 1867 வார்சால, ராமன் 1888 திருச்சி பக்கம் திருவானைக்காவல்ல, 21 வருஷ வித்தியாசம். ரெண்டு பேருமே இயற்பியல் நோபல் வாங்குனவங்க, அவங்க 1903ல, இவரு 1930ல. மேரி கியூரி 1911ல வேதியியலுக்கும் வாங்குனாங்க, ரெண்டு வேற வேற அறிவியல் துறைல நோபல் வாங்குன ஒரே ஆளு இன்னைக்கு வரைக்கும் அவங்கதான். அவங்க எழுதுன நோட்டுப் புஸ்தகம் எல்லாம் இன்னமும் கதிரியக்கத்தோட இருக்கு, ஈயம் பதிச்ச பெட்டில வெச்சிருக்காங்க. இந்தியால நவம்பர் 7ஐ தேசிய புற்றுநோய் விழிப்புணர்வு நாளா 2014ல இருந்து கடைப்பிடிக்கறதும் அவங்க பொறந்த தேதிங்கறதாலதான், ரேடியம் கண்டுபிடிச்சு கதிர் சிகிச்சைக்கு வழி தெறந்தவங்க இல்லையா.

ராமன் பத்தி நம்ம ஆளுங்க ஒரு தப்பு அடிக்கடி பண்றாங்க, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளை அவரோட பொறந்தநாள்னு போடுறாங்க. அது 1928ல ராமன் விளைவைக் கண்டறிஞ்ச தேதி, பொறந்தது நவம்பர் 7. இன்னொரு விஷயம், பாரத ரத்னா முதல் முதல்ல குடுத்தது 1954ல, வாங்குன மூணு பேரு ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன். அதே 1954ல அதே நவம்பர் 7ல ராமனுக்கு 66 வயசு நெறையுறப்பதான் பரமக்குடில கமல் பொறக்குறாரு.

நோபல் கணக்கு இதோட முடியல. எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1913, விலங்குகளோட நடத்தையை ஆராய்ஞ்ச கோன்ராட் லாரன்ஸ் 1903, ஞாபகம் மூளைல எப்படிப் பதியுதுன்னு கண்டுபிடிச்ச எரிக் கேண்டல் 1929, மூணு பேருமே நவம்பர் 7. ஆக மொத்தம் அஞ்சு நோபல்காரங்க.

கேள்வி: ஒரே தேதில இத்தனை பெரிய ஆளுங்களா, இந்தத் தேதிக்கு ஏதாவது ராசி இருக்கா?

இல்லைங்க. உலகத்துல 800 கோடிப் பேரு, 365ஆல வகுத்தா ஒரு தேதிக்கு ரெண்டு கோடிக்கு மேல ஆளுங்க வருவாங்க, எந்தத் தேதியத் தோண்டுனாலும் பெரிய பேருங்க கெடைக்கும். ஒரு ரூம்ல 23 பேரு இருந்தாலே ரெண்டு பேருக்கு ஒரே பொறந்தநாள் இருக்கறதுக்கு பாதிக்கு மேல வாய்ப்பு. அதனால எண் கணிதம், 7ஆம் எண் ராசின்னு வர்றதை எல்லாம் இதோட சேக்காதீங்க, ராமன் ராமனானது அவரோட உழைப்பால.

கேள்வி: ரஷ்யப் புரட்சிய 'அக்டோபர் புரட்சி'ன்னு சொல்றாங்க, ஆனா நவம்பர் 7ல கொண்டாடுறாங்களே?

ரொம்ப பேரு கேக்குற கேள்வி. 1917ல ரஷ்யா பழைய ஜூலியன் காலண்டர்ல இருந்துச்சு, அது நாம இப்ப பாக்குற கிரிகோரியன் காலண்டரை விட 13 நாள் பின்னாடி. அப்ப தலைநகரா இருந்த பெத்ரோகிராட்ல லெனினோட கட்சியான போல்ஷெவிக்குகள் ஆட்சிய பிடிச்ச அன்னைக்கு அவங்க ஊரு சுவத்துல அக்டோபர் 25, மத்த பெரும்பாலான நாட்டுல நவம்பர் 7. 1918ல சோவியத் அரசு காலண்டரை மாத்துச்சு, எப்படின்னா ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14, நடுவுல உள்ள 13 நாள் அந்த நாட்டுல யாருக்குமே கெடையாது.

இதுலயே ஒரு அழகான கணக்கு இருக்கு. புரட்சிய முன்னால நின்னு நடத்துன டிராட்ஸ்கி பொறந்ததும் நவம்பர் 7தான், 1879. ஆனா பழைய காலண்டர்ல அவரு பொறந்தது அக்டோபர் 26, புரட்சி நடந்தது அக்டோபர் 25, அதாவது ஒரு நாள் தள்ளி. அப்புறம் எப்படி ரெண்டும் ஒரே தேதியாச்சு? ரெண்டு காலண்டருக்கும் நடுவுல உள்ள இடைவெளி 1800கள்ல 12 நாள், 1900கள்ல 13 நாள், 26ஓட 12 கூட்டுனாலும் 25ஓட 13 கூட்டுனாலும் நவம்பர் 7 வந்து நிக்கும். காலண்டர் மாத்துன பிறகுதான் அவரோட பொறந்தநாளும் புரட்சி நாளும் ஒண்ணாச்சு.

1941 நவம்பர் 7 அணிவகுப்பையும் சொல்லணும், ஹிட்லர் படை மாஸ்கோவை நெருங்கி நிக்குது, அந்தப் பனில செஞ்சதுக்கத்துல அணிவகுத்த சிப்பாய்ங்க பலர் அங்கிருந்து நேரா போர்முனைக்குப் போனாங்க.

கேள்வி: பாரதியார் இந்தப் புரட்சியப் பத்திதானே பாடுனாரு?

நவம்பர் 7 ஆனா எல்லாரும் ஷேர் பண்ற அந்த 'புதிய ருஷ்யா' பாட்டு ஜார் மன்னனோட வீழ்ச்சியப் பத்தினது, தலைப்புலயே அது இருக்கும். ஜார் முடி துறந்தது 1917 மார்ச்ல, நவம்பருக்கு எட்டு மாசம் முந்தி நடந்த முதல் புரட்சி. 'யுகப்புரட்சி'ங்கற சொல்லு ரெண்டுக்குமே பொருந்துறதால குழப்பம் வந்துருச்சு. பாட்டைப் பகிரக் கூடாதுன்னு சொல்லல, தாராளமா பகிருங்க, நவம்பர் புரட்சியப் பாத்து எழுதுனதுன்னு மட்டும் மேல எழுதாதீங்க, பாரதி எதைப் பாத்து பரவசப்பட்டாருன்னு சரியா சொல்றதுதான் அவருக்கு நாம குடுக்குற மரியாதை.

கேள்வி: இந்திய வரலாத்துல நவம்பர் 7ல என்ன நடந்துச்சு?

1858ல பிபின் சந்திர பால் பொறந்தாரு, லால் பால் பால்னு சொல்ற லாலா லஜபதி ராய், பால கங்காதர திலகர், பிபின் சந்திர பால் மூணு பேருல ஒருத்தர். வங்காளத்துக்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. 1908 மார்ச் 9ல அவரு ஜெயில்ல இருந்து விடுதலையானதைக் கொண்டாடக் கூட்டம் போட்டதுக்குத்தான் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது பண்ணாங்க, அந்தக் கைதுக்கு எதிரா மார்ச் 13ல திருநெல்வேலியே எழுந்துச்சு. நம்ம ஊரு எழுச்சிக்குப் பொறி அந்த மனுஷனோட பேருலதான் பத்துச்சு.

1862ல கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் ரங்கூன்ல கைதியாவே எறந்தாரு, வயசு 87. கவிஞர் அவரு, கஜல் பாட்டுங்கள்ல இன்னமும் வாழுறாரு. கல்லறை எங்கன்னே தெரியக் கூடாதுன்னு வெள்ளைக்காரங்க அடையாளம் இல்லாம பொதச்சாங்க, 1991ல அங்க கால்வாய் தோண்டுறப்பதான் நிஜமான இடம் தெரிஞ்சுச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடி, 1943லயே, கல்லறைன்னு அப்ப நெனச்ச எடத்துக்கு நேதாஜி போயி அஞ்சலி செலுத்தியிருக்காரு.

1900ல சாத்தாரால சின்னப் பையன் பீமராவ் பள்ளிக்கூடத்துல சேந்த தேதி இதுதான், அம்பேத்கர்! பள்ளிப் பதிவேட்டுல இருக்குற அந்தத் தேதிய வெச்சு மகாராஷ்டிரா அரசு 2017ல நவம்பர் 7ஐ மாணவர் தினமா அறிவிச்சுச்சு. ஒரு மனுஷன் பொறந்த நாளையோ எறந்த நாளையோ விட, பள்ளிக்கூட வாசப்படி ஏறுன நாளைக் கொண்டாடுறது எவ்வளவு பொருத்தம். இந்தத் தேதில எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

1966 நவம்பர் 7, டெல்லி. பசுவதைத் தடைச் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தை நோக்கிப் போன பெரிய ஊர்வலம் கலவரமாச்சு, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, உயிர்கள் போச்சு. அப்ப காங்கிரஸ் தலைவரா இருந்த காமராஜர் வீட்டைத் தாக்கி தீ வெச்சாங்க, அவரு தப்பிச்சாரு. உள்துறை அமைச்சர் நந்தா பதவி விலகுனாரு.

இதுக்கு மேல, 2025 நவம்பர் 7ல வந்தே மாதரம் 150வது ஆண்டு விழாவை ஒன்றிய அரசு தொடங்குச்சு.

கேள்வி: காத்துல ஆடி விழுந்த பாலம் வீடியோ ஒண்ணு பாத்தேன், அதுவும் இதே தேதியா?

ஆமா, அமெரிக்கால டகோமா நேரோஸ் பாலம், 1940 நவம்பர் 7. தொறந்து நாலு மாசம்தான் ஆயிருந்துச்சு, ஆரம்பத்துல இருந்தே ஆடிக்கிட்டிருந்த தொங்கு பாலம், நடு வீச்சு மட்டும் 853 மீட்டர். அன்னைக்குக் காத்து வேகம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர், பெரிய புயல்னு சொல்ல முடியாத காத்து, ஆனா ரோட்டோட இடது ஓரம் மேல போனா வலது ஓரம் கீழ போகுது, ஈரத் துணியப் பிழியுற மாதிரி காங்கிரீட்டும் இரும்பும் முறுக்கிக்கிட்டு கடைசில அறுந்து தண்ணில விழுந்துச்சு. மனுஷங்க யாரும் சாகல, ஒரு கார்ல மாட்டிக்கிட்ட டப்பிங்கற நாய் மட்டும் செத்துப் போச்சு.

பள்ளிக்கூடத்துல இதை ஒத்திசைவுக்கு (ரெசனன்ஸ்) உதாரணமா சொல்லிக் குடுப்பாங்க, ஆனா பொறியாளர்கள் சொல்றது கொஞ்சம் வேற. வெளிய இருந்து ஒரே தாளத்துல தள்ளிவிட்டதால இல்ல, பாலம் முறுக்குறப்ப அந்த முறுக்கே காத்தோட போக்கை மாத்தி இன்னும் அதிகமா முறுக்க வெச்சுச்சு, தனக்குத் தானே தீனி போட்டுக்கிட்டு வளந்த ஆட்டம். ரோட்டோட ஓரத்துல காத்து புகுந்து போக வழி இல்லாம அடைச்ச தகடு, ரொம்ப ஒல்லியான தளம், இதுதான் காரணம். இதுக்கப்புறம் பெரிய தொங்கு பாலம்னா காத்துச் சுரங்கத்துல மாதிரி வெச்சு சோதிக்காம கட்டுறதில்ல.

கேள்வி: இந்தத் தேதில மறைஞ்சவங்க?

நமக்கு முதல்ல ஞாபகம் வர வேண்டியவரு கிருபானந்த வாரியார், 1993. லண்டன்ல இருந்து திரும்பி வர்றப்ப விமானத்துலயே உயிர் பிரிஞ்சுச்சு. எம்.ஜி.ஆருக்கு 'பொன்மனச் செம்மல்'னு பட்டம் குடுத்தவரு. புராணத்தை நடுவுல நிறுத்திட்டு முன்வரிசைல உக்காந்த குழந்தைங்ககிட்ட கேள்வி கேப்பாரு, சரியா சொல்ற பிள்ளைக்குப் பரிசு குடுப்பாரு, அந்த கேசட் கேட்டு வளந்த தலைமுறைக்கு அவரோட குரல் இன்னமும் காதுல இருக்கும். வெளிநாட்டுல நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 1980, பாடகர் லெனார்ட் கோஹன் 2016, அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோட மனைவி எலினார் ரூஸ்வெல்ட் 1962.

கேள்வி: ஒருத்தருக்கே ரெண்டு பொறந்த தேதி போட்டிருக்காங்களே, எதை நம்பறது?

சில சமயம் ரெண்டுமே பதிவுல இருக்கும். அணுப் பிளவை விளக்குன லீஸ் மைட்னரை எடுத்துக்கோங்க, வியன்னா யூதர் பதிவேட்டுல 1878 நவம்பர் 17, மத்த ஆவணங்கள்ல நவம்பர் 7, அவங்க வாழ்நாள் பூரா 7ஐத்தான் சொன்னாங்க. அப்படி இருந்தா ரெண்டையும் எழுதிடறது நல்லது. நம்ம ஊருல பழைய நடிகர்கள் விஷயத்துல இன்னும் சிக்கல், ஸ்கூல்ல சேக்குறப்ப வயசை மாத்திப் போட்டது ஒரு பக்கம், வீட்டுல நட்சத்திரத்தை வெச்சே பொறந்தநாள் பாத்தது இன்னொரு பக்கம். நவம்பர் 7னா ஐப்பசி 21 இல்ல 22 வரும், ஆனா நட்சத்திரப் பொறந்தநாள் வருஷத்துக்கு வருஷம் ஆங்கிலத் தேதில முன்ன பின்ன நகரும். அவங்களே பேட்டில சொன்னது, இல்ல குடும்பத்துல கொண்டாடுறது எதுவோ அதுக்கு முதல் இடம் குடுங்க.

கேள்வி: கமல் பொறந்தது என்ன கிழமை?

ஞாயித்துக்கிழமை. கூடவே ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, நவம்பர் 7க்கும் ரஜினி பொறந்தநாளான டிசம்பர் 12க்கும் நடுவுல சரியா 35 நாள், அஞ்சு வாரம். அதனால எந்த வருஷம் எடுத்தாலும் லீப் வருஷமா இருந்தாலும் ரெண்டு பேரோட பொறந்தநாளும் ஒரே கிழமைலதான் வரும். ரஜினி பொறந்த 1950ல அது செவ்வாய், கமல் பொறந்த 1954ல ஞாயிறு. இந்த வருஷக் காலண்டரை எடுத்து வெச்சுப் பாருங்க, அப்படியே இருக்கும்.